உள்ளே ஆள் இல்லை

தூத்துக்குடித் துறைமுகத்தையே ஒரு மதியம் அலாக்காகத் தூக்கி வேம்பார்க் கடற்கரையில் வைத்துவிட்டு, ஒரு டீ குடித்து, யாரும் பார்க்குமுன் திரும்பக் கொண்டுவந்து வைத்தவன் நான். கப்பல்காரர்கள் ஒருவரும் புகார் கொடுக்கவில்லை. சிரியுங்கள் மேடம். ரெக்சனும் சிரித்தான்.

துறைமுகத்தின் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றபின் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் குளிர் அறைப் பொறுப்பு கிடைத்தது. இணையதளங்களில் ஓட்டை கண்டுபிடித்து உரியவரிடம் சொல்வது என் பொழுதுபோக்கு. எதையும் திருடமாட்டேன். நல்லெண்ண ஹேக்கர் என்பார்கள். கோடி ஓட்டை பிடித்திருப்பேன், குறைத்துத்தான் சொல்கிறேன்.

அந்தக் குளிர் அறையைப் பூட்டுவது ஓர் இணையதளம். 'பூட்டு' என்று அழுத்தினால், உள்ளே ஆள் உண்டா என்று முதலில் பார்க்கும். இல்லையென்றால் பூட்டி, குளிர்விசிறிகளை முழு வேகத்தில் ஓட்டும். பார்ப்பதற்கும் பூட்டுவதற்கும் நடுவே கண் சிமிட்டும் நேரம் இருக்கிறது. சரியாக அப்போது ஒருவர் அடையாள அட்டையைக் கதவில் தேய்த்து உள்ளே நுழைந்தால் தளத்துக்குத் தெரியாது. ஆள் இல்லை என்றே நம்பிப் பூட்டிவிடும். இறால் அடுக்கும் பிலோமியும் பிளாரன்ஸும் போய்வருவது அந்தக் கதவில்தான்.

தளத்தை எழுதியவன் ரெக்சன். அறிக்கை கொடுத்தேன். 'நடைமுறையில் நிகழாது' என்று மூடிவிட்டான்.

"துறைமுகத்தத் தூக்குன கத மாதிரிதான அண்ணாச்சி இதுவும்? முடிஞ்சா செஞ்சு காட்டுங்க. நானே உள்ள போறேன்."

அனுமதியில்லாமல் எங்கள் மாதிரி ஹேக்கர்கள் எதையும் தொடுவதில்லை. அனுமதி கிடைத்துவிட்டது.

ஞாயிறு காலை எல்லோரும் சர்ச் பூசைக்குப் போயிருந்தார்கள். அவன் அட்டையைத் தேய்க்கத் தேய்க்க, நான் போனில் அழுத்தினேன். முதலில் சில தடவை பூட்டவில்லை. "என்ன அண்ணாச்சி, கதவு வேம்பாருக்குப் போயிட்டா?" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். அடுத்த தடவை பூட்டிக்கொண்டது. போனில் 'உள்ளே ஆள் இல்லை' என்று வந்தது.

உள்ளிருந்து திறக்க ஓர் அவசரக் கைப்பிடி உண்டு. சனிக்கிழமையே அதைக் கழற்றி என் ஸ்கூட்டரில் வைத்திருந்தேன். அது இருந்தால் வெளியே வந்து, எங்கே பூட்டியது என்று கேட்பான். சோதனை சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா?

இண்டர்காமில் பேசினான்; நான் போனில் பதிவு செய்துகொண்டேன். "கதவு ஏதோ இறுகிட்டு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "வெளையாடாதிய அண்ணாச்சி, கை வெறைக்கு. பயமா இருக்கு."

"பயப்படாதல. நடந்துச்சா இல்லையா, அதச் சொல்லு."

"ஆமா" என்றான். ஆமா என்பதை எதற்கு வேண்டுமானாலும் சொல்லலாம். முழுசாகச் சொல்லச் சொன்னேன். பல் கிட்டித்ததில் வார்த்தை சிதைந்தது. பதிவில் விளங்க வேண்டுமே. திரும்பவும் சொல்லச் சொன்னேன். பிறகும் சொல்லச் சொன்னேன். 'திற' என்ற பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழேயேதான் இருந்தது. அவன் பேச்சு நின்று வெகு நேரம் கழித்துத்தான் அழுத்தினேன்.

கொன்றது நான் என்று எழுதிக்கொள்ளுங்கள் மேடம், மறுக்கவில்லை. ஆனால் பதிவையும் கேளுங்கள். கடைசித் தடவை தெளிவாக இருக்கிறது. யாரும் அவனை வற்புறுத்தவில்லை, அவனாகவே சொன்னது:

"நடந்துட்டு அண்ணாச்சி. நீங்க சொன்ன மாதிரியே நடந்துட்டு."