முறை நாளில் வருகிறவன்

நெருப்பை அவித்துவிடாதீர்கள். கதவை மட்டும் சாத்துங்கள்... தாழ்ப்பாளையும் போடுங்கள். இது என் கூட்டாளி ருஃபினோவின் பெரியப்பாவுக்கு நடந்தது. பெயர் நிக்காசியோ. அப்போது அவர் வாலிபர், அதனால் ‘அவன்’ என்றே சொல்கிறேன். மரியாதைக் குறைவாக யாரும் நினைக்க வேண்டாம்.

பொழுது சாயும் நேரம். காட்டிலிருந்து மலைமேல் பெலெச்சுகோ ஊருக்கு ஏறுகிற ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்... கீழே ஆறு இரைகிற சத்தம். நிக்காசியோ தனியாக ஏறிக்கொண்டிருந்தான். முதுகில் சிங்கோனா மரத்துப் பட்டைச் சுமை, நெற்றியில் சுமைவார்.

பின்னால்... டக டக டக டக.

குளிரில் பல்லோடு பல் அடித்துக்கொள்கிற சத்தம். நிக்காசியோ நின்றான். சத்தம் நிற்கவில்லை. ஏறி வந்தது... கிட்டே வந்தது... சுமைக்குப் பின்னாலேயே வந்து நடுங்கியது. ஈரக் கம்பளி நாற்றம். நாள்கணக்காகக் காய்ச்சலில் கிடந்தவனின் வாய் நாற்றம்.

“லீனோ? மாப்ளே, நீயாடா?”

திரும்பிப் பார்த்தான். பாதையில் ஒருவரும் இல்லை.

லீனோ அவன் மனைவி பெத்ரோனாவின் தம்பி. அவளுக்கு உடன்பிறப்பு என்று இருந்தது அவன் ஒருவன்தான். காட்டுக்குக் கிளம்பும்போதே அவள் வாசலை மறித்துச் சொல்லியிருந்தாள்: “கூட்டிட்டுப் போறேல்ல, கூட்டிட்டு வந்துடு. பட்டை வராட்டியும் போகுது.” நிக்காசியோ அவள் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

பருவம் முழுக்க இரண்டு பேரும் மரம் தேடி, வெட்டி, உரித்து, பட்டையைக் கல் ஏற்றித் தட்டையாகக் காயவைத்தார்கள். கிளம்புகிற சமயத்தில் லீனோவுக்கு முறைக்காய்ச்சல் கண்டுவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், பொழுது சாயும்போது, சொல்லிவைத்த மாதிரி வரும். முதலில் குளிர். அப்புறம் சூடு. அப்புறம் வேர்வை கொட்டும், தூங்கிவிடுவான். அவன் தலைக்கு வைத்துப் படுத்திருந்ததே ஒரு பட்டைக் கட்டுதான்.

“மச்சான், இந்தப் பட்டையக் கொஞ்சம் அவிச்சுக் குடிச்சா என்ன?” என்று லீனோ கேட்டான். “காய்ச்சல் விட்டுடும்னு கீழூர்க்காரன் ஒருத்தன் சொன்னான்.”

“கிறுக்கா உனக்கு? ஒடம்பு ஏற்கெனவே கொதிக்குது. பட்டை சூடு. சூட்டு மேல சூட்டை ஊத்தி உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க அக்கா என் தோலை உரிச்சிருவா.”

“நீ மரத்தை உரிக்கிற மாதிரியா?” லீனோ நடுக்கத்தோடே சிரித்தான். “அப்ப வெளியூர்க்காரன் எதுக்கு இதைக் கப்பல்ல ஏத்துறான்?”

“துணிக்குச் சாயம் போட. ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?”

ஆமாம், ஊருக்கே அப்படித்தான் தெரியும். என் தகப்பன் அப்படித்தான் சொன்னார், அவர் தகப்பனும் அப்படித்தான். காய்ச்சலுக்குக் கொய்னா என்று இன்றைக்குப் பட்டணத்தில் சீசாவில் விற்கிறார்களே, அதைத் தலைமுறை தலைமுறையாக முதுகில் சுமந்தவர்கள் நாங்கள். சுமந்துகொண்டே காய்ச்சலில் செத்தோம்.

மழை இறங்கப் பார்த்தது. நனைந்தால் பட்டை பூசணம் பூத்துவிடும், ஒரு பருவத்துப் பாடு மண்ணாய்ப் போகும். நிக்காசியோவுக்கு இருந்தது ஒரு முதுகு; பட்டை, லீனோ, இரண்டில் ஒன்றைத்தான் சுமக்க முடியும். எங்கள் வழக்கப்படி இலைக்குடிசை போட்டு, லீனோவை அதில் படுக்கவைத்து, நெருப்பு மூட்டி, வறுத்த சோளமும் தண்ணீரும் மெல்லுவதற்குக் கோக்கா இலையும் பக்கத்தில் வைத்தான். அடுத்த முகாம்காரர்களிடம் அவனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். “சுமைய எறக்கிட்டு ஓடி வந்துடறேன், மாப்ளே,” என்றான். எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் மனிதனுக்குப் பூசணம் பூக்காது என்று நினைத்தான் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவன் கிளம்பின அன்றைக்குக் காய்ச்சலின் முறை நாள். பாதையில் அந்தச் சத்தம் வந்தது... அன்றைக்குத்தான்.

பெலெச்சுகோவில் பட்டை வியாபாரியே அதே முறைக்காய்ச்சலில் படுத்துக் கிடந்தான். அவன் வீட்டுச் சமையல்காரி உரலில் பட்டையை இடித்து, திராட்சை மதுவில் கலக்கிக்கொண்டிருந்தாள். நிக்காசியோ பதறிப்போனான்.

“ஏம்மா, எசமானைக் கொல்லப் போறியா?”

“போய்யா! காய்ச்சலுக்குத்தானே நீ இத்தனை நாளா இதைச் சுமந்து கொட்டுறே?”

நம்பவில்லை. அடுத்த முறை நாள்வரை அந்த வாசலிலேயே கிடந்தான். பொழுது சாய்ந்தது. வியாபாரி வெளியே வந்து உட்கார்ந்து, அவித்த உருளைக்கிழங்கைத் தோலுரித்துத் தின்றபடி கோவேறு கழுதைக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தான். நடுக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. நிக்காசியோ தெருவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

அழுகிறவன் முதுகுக்குப் பின்னால்... டக டக டக டக.

வீட்டுக்குப் போகவில்லை. சமையல்காரியிடம் ஒரு பிடி தூளைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு காட்டுக்கு ஓடினான். பாதி வழியில் அடுத்த முகாம்காரர்கள் எதிரே வந்தார்கள். மூத்தவர் தொப்பியைக் கழற்றினார்.

“நீ கெளம்பின அன்னிக்கே பொழுது சாய, போயிட்டான்பா. பல்லு அடிச்சுக்கிட்டே போயிட்டான். சூடு வர்ற வரைக்கும்கூட உசுரு தாங்கல.”

ஆனாலும் போனான். லீனோவைப் புதைத்த மண்மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினான். “குடிடா மாப்ளே... நான் முட்டாள்டா... குடிச்சிடு.” மண் குடித்தது. முறை நாள்வரை அங்கேயே இருந்தான். வெயில் சாய்ந்தது. மேட்டில் சத்தமே இல்லை. அப்பாடா என்று எழுந்தான்.

அவன் காதோரத்தில் தொடங்கிற்று.

வீட்டு வாசலில் பெத்ரோனா நின்றிருந்தாள். அன்றும் முறை நாள். அவன் வாயைத் திறக்குமுன் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். உற்றுக் கேட்டாள். பிறகு அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சொன்னாள்:

“உள்ள வாடா தம்பி. பனியில நிக்காத.”

அடுப்புப் பக்கத்தில் ஒரு கம்பளி விரித்தாள். புருஷனோடு அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை, சாகிறவரை. முறை நாள்தோறும் பட்டையை அவித்து ஒரு கிண்ணம் கம்பளி ஓரத்தில் வைப்பாள். விடிந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். வாசலில் கொட்டிவிட்டு மறுபடி அவிப்பாள். குளிர் சூட்டுக்கு மாறவே இல்லை. செத்தவனுக்கு வேர்வையும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை.

அவள் போன பிறகு நிக்காசியோ தனிக்கட்டை. கிழவராகிப் படுத்ததும் ருஃபினோதான் பார்த்துக்கொண்டான். ஒரு முறை நாளில் துணைக்கு என்னையும் கூப்பிட்டான். போனேன்... போயிருக்கக் கூடாது.

பொழுது சாய்ந்தது. கிழவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நடுங்கினார். டக டக டக டக... கட்டில் பலகை அதிர்ந்தது. ருஃபினோ பட்டணத்துக் கொய்னாவைக் கரைத்து எடுத்து வந்தான். நான் விளக்கைப் பிடித்தேன். அவன் பெரியப்பாவின் தாடையை அழுத்தி வாயைத் திறந்தான்.

மேலேயும் கீழேயும் வெறும் ஈறு. பெயருக்குக்கூட ஒரு பல் இல்லை.

வாயைத் திறந்த பிறகு சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது.