வடக்கு ஏரி விற்பனைக்கு

“இந்தப் படத்தை வித்துட்டா, அப்புறம் அந்த ஏரி யாரோடது?”

என் கடையில் ஒரு சிறுமி ஒருமுறை கேட்ட கேள்வி இது. அவளுடைய அப்பா ஒரு பழைய புகைப்படத்துக்குக் கண்ணாடி மாற்ற வந்திருந்தார். பெரியவர்கள் படத்தின் விலையைக் கேட்பார்கள், அளவைக் கேட்பார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. நான் குனிந்து, “வாங்குறவங்களோடதுதாம்மா” என்றேன்.

“அப்ப மீனெல்லாம்?”

பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் அக்கா, “மீனுக்குத் தனி ரேட்டு கண்ணு. மாமாகிட்ட கேளு, பாத்துப் போட்டுக் குடுப்பாரு” என்றாள். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவள் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். கூடவே வண்ணக்குழாய், தூரிகை, கான்வாஸ், வண்ணம் குழைக்கிற ஆளிவிதை எண்ணெய் எல்லாம் விற்கிறேன். காலையில் கடையின் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பேன். இன்றைக்கு ஒருவருக்காவது ஒரு சின்ன உதவி செய்ய விடு என்று கடவுளிடம் கேட்பேன். பெரிய தர்மங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதெல்லாம் மேடையில் நின்று செய்வது. கண்ணாடியின் ஓரம் கையைக் கிழிக்காமல் தேய்த்துக் கொடுப்பது, வயதானவர்களின் படத்தை வீடுவரை தூக்கிச்சென்று ஆணியும் அடித்துக் கொடுப்பது, இவற்றில்தான் மனிதன் தெரிகிறான்.

நடந்ததைச் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. வழக்கு முடிந்துவிட்டது. ஆனாலும் ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. நிதானமாகக் கேட்டால் என் பக்கத்து நியாயம் உங்களுக்கு விளங்கும்.

அந்தப் படத்தை வரைந்தவள் அக்காதான். கல்யாணமாகி வடக்கே வெகுதூரத்தில், ஒரு ஏரிக்கரையில், பல வருடங்கள் வாழ்ந்தவள். அத்தான் அங்கே மர அறுவை ஆலையில் வேலை பார்த்தார். குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும், அதன்மேல் நடந்தே வேலைக்குப் போவார். குளிர் விலகத் தொடங்கிய ஒரு காலையில் அப்படி நடந்தபோது பனி உடைந்தது. சமையலறை ஜன்னலில் நின்று அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் ஊருக்கே வந்துவிட்டாள். எனக்கு அவளையும் அவளுக்கு என்னையும் விட்டால் வேறு நாதி இல்லை.

என் கடையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரு பூட்டிய கிடங்குக்கு மேலே, அவளுக்கு ஒரு அறை பிடித்துக் கொடுத்தேன். மாதக்கணக்கில் அந்த ஒரு ஏரியையே, ஒரே கான்வாஸில் வரைந்தாள். ஈயநிறத் தண்ணீர், அக்கரையில் கறுத்து நிற்கும் ஊசியிலை மரங்கள், இக்கரை ஓரம் உடையாத பனி, மரங்களுக்குமேல் ஒரு கீற்று வெளிச்சம். ஆள் நடமாட்டமே இல்லை. அதைக் கடையின் முன்சுவரில் மாட்டி, ‘அசல் எண்ணெய் வண்ண ஓவியம், விற்பனைக்கு’ என்று அட்டை வைத்தேன்.

என் கடைச் சுவர் முழுக்க அச்சடித்த சாமி படங்களும் அருவிகளும் ஓடும் குதிரைகளும்தான். அவற்றின் முன்னால் ஆட்கள் பேரம் பேசுவார்கள், போன் பேசுவார்கள். இந்தப் படத்தின் முன்னால் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சாலையில் போகிறவர்கள்கூட ஒரு நொடி நின்றார்கள். என் வாழ்நாளில் என் கடைக்குள் அப்படி ஒரு அமைதி வந்ததில்லை. கடவுள் இருக்கிற இடம் என்பது இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பல் மருத்துவர் அதைக் கேட்டார். தன் மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு வேண்டும் என்றார். “இதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா பல் பிடுங்குற பயமே போயிடும்ங்க” என்றார். எனக்கு மனது நிறைந்தது. ஆனால் அக்கா வந்து, வெளிச்சம் சரியில்லை என்று சொல்லிப் படத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். திருத்திக் கொண்டுவந்தாள். மருத்துவர் மறுபடி வந்தார். அவள் மறுபடி எடுத்துப்போனாள்.

“அக்கா, அந்த ஆள் என்ன நினைப்பாரு?”

“பல்லு பிடுங்குறவரு பொறுமையா இருக்கட்டும்டா. உன் கடையில சாமியே சட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டுப் பொறுமையாத்தான இருக்கு.”

அவளிடம் அந்த எகத்தாளம் எப்போதும் உண்டு. நான் கோபப்பட்டதில்லை. தினமும் மதியம் சூப்பும் ரொட்டியும் எடுத்துப்போவேன். அறை குளிர்கிறது என்றாள். ஹீட்டர் வாங்கி, எனக்குத் தெரிந்த ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய் மூலையில் புதிதாக ஒரு பிளக் பாயிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவர் வேலை செய்தபோது டார்ச் பிடித்தது நான்தான். முதுகுவலிக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டால் மதியம் நன்றாகத் தூங்குவாள்.

அறையைக் கூட்டிவிடவும் செய்வேன். அது மட்டும் அவளுக்குப் பிடிக்காது. “நீ கூட்டினா இது வீடு இல்லடா, ஆஸ்பத்திரி” என்பாள். எண்ணெய் துடைத்த துணிகளைத் துவைத்த துணி மாதிரி கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் கிளிப் போட்டிருப்பாள். அறைக்குள் நுழைந்தால் அவைதான் முகத்தில் இடிக்கும். அந்தக் கொடியில் மட்டும் என்னைக் கை வைக்க விடமாட்டாள்.

கடைசி நாளன்று நான் போனபோது படம், கான்வாஸ் நிறுத்தும் மரத்தாங்கியில் இருந்தது. அக்கா அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து வேலை செய்திருக்கிறாள். கொடி முழுக்க எண்ணெயில் ஊறிய துணி. படத்தில் கரையோரப் பனியை மாற்றியிருந்தாள். முன்பு வெள்ளையாக இருந்த இடம் இப்போது பச்சையும் சாம்பலும் கலந்து, உள்ளே தண்ணீர் நிற்பதுபோல் இருந்தது. இதுவரை வந்ததிலேயே அதுதான் அழகு. அதை அவளிடமே சொன்னேன்.

“அழகா?” என்றாள். “நல்லாப் பாருடா. இது ஆளைத் தாங்காத பனி. இந்த நிறத்தைப் பாத்தாலே தெரியும். ஜன்னல்ல நின்னு நான் பாத்தது இந்த நிறத்தைத்தான். ஒரு சத்தம் குடுத்திருந்தா திரும்பியிருப்பாரு. எனக்குத் தெரியாதுன்னு எனக்கே சொல்லிக்கிட்டு இத்தனை நாளா வெள்ளையா பூசிட்டு இருந்தேன்.”

“அக்கா, உனக்கு எப்படித் தெரியும்? நீ என்ன பண்ணுவ?”

“கத்தியிருக்கணும். வேற என்ன? கொஞ்சம் தூங்கி எழுந்து இதை மொத்தமா சுரண்டிடப் போறேன். ஏரியை விக்க வேண்டாம். ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லணும்னு தோணுது. யாருகிட்டயாவது சொல்லணும்.”

ஜன்னலில் நின்று பார்த்ததைக் குற்றம் என்று எந்த ஊர் சட்டமும் சொல்லாது. அவள் மனது நைந்துபோயிருந்தது. சுரண்டும் கத்தியைப் பக்கத்திலேயே தயாராக வைத்திருந்தாள். “படத்தை நான் கடைக்கு எடுத்துட்டுப் போகட்டுமா அக்கா?” என்று கேட்டேன். “தொட்டா கையை உடைப்பேன்” என்றாள். வலி அதிகம் என்றாள். வழக்கமாக ஒரு மாத்திரை. அன்றைக்கு இரண்டு கொடுத்தேன். சூப்பை முழுக்கக் குடிக்கவைத்தேன். தலையணையைச் சரிசெய்தேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். தூக்கத்தில் அவள் முகம் சின்ன வயதில் என்னைப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போன அக்காவின் முகமாகவே இருந்தது.

பிறகு அறையைச் சுத்தம் செய்தேன். தரையைக் கூட்டினேன். கிண்ணத்தைக் கழுவினேன். கொடியிலிருந்த துணிகளை எடுத்து மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்தி ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். மேலே பழைய செய்தித்தாள்களை வைத்து மூடினேன். பெட்டியை வைக்க அந்த பிளக் பாயிண்ட் இருக்கிற மூலையில்தான் இடம் இருந்தது, அவள் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில். குளிர்காற்று படாமல் ஜன்னலை இறுக்கிச் சாத்தினேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். அவளுக்காகப் பிரார்த்தனை செய்தேன். படத்தை ஈரம் கலையாமல் எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு இறங்கினேன்.

நான் தீ வைக்கவில்லை. தீப்பெட்டியைத் தொடக்கூட இல்லை. ஆளிவிதை எண்ணெய் காய்கிறபோது தானாகச் சூடாகும். துணியை விரித்துப் போட்டால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டி அடைத்துவைத்தால் போக வழியின்றி ஏறிக்கொண்டே வரும். சில மணிநேரத்தில் புகையும், பிறகு பிடித்துக்கொள்ளும். எண்ணெய் டப்பாவின் பின்பக்கத்தில் இது சின்ன எழுத்தில் இருக்கிறது. வாங்குகிற ஒவ்வொருவருக்கும் அதை நான் வாயாலும் சொல்லி அனுப்புவேன். சொல்லாமல் விட்டால் பாவம் என்று நினைப்பவன் நான். அன்று மதியம் மறந்துபோய்விட்டேன் என்று உங்களிடம் கதைவிடமாட்டேன். ஒவ்வொரு துணியை மடிக்கும்போதும் ஞாபகம் இருந்தது. கடைக்கு வந்து படத்துக்குச் சட்டம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப்போய்ப் பெட்டியைத் திறக்க நேரம் இருந்தது. தெருவில் ஆட்கள் ஓடத் தொடங்கும்வரை நேரம் இருந்தது. கறுப்பு மரச்சட்டம்தான் பொருந்தியது.

அவளுக்கு வலி தெரிந்திருக்காது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். புகை முந்திக்கொண்டதாம். அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

தீ அந்த மூலையில் தொடங்கியதாகத் தெரிந்ததும் புது பிளக் பாயிண்ட்டின்மேல் எல்லோர் கண்ணும் போனது. எலக்ட்ரீஷியனைப் பிடித்தார்கள். அவரிடம் லைசென்ஸ் கிடையாது, அது அவருக்குப் பாதகமாகிவிட்டது. விசாரணையில் அதிகாரி என்னிடம், “உங்க அக்கா எண்ணெய்த் துணியெல்லாம் எங்க வைப்பாங்க?” என்று கேட்டார். “கொடியில விரிச்சுக் காயப்போடுவாங்க சார். ரொம்ப ஜாக்கிரதையானவங்க” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய் சொல்வதில்லை என்பது என் விரதம்.

தீர்ப்பு வந்த நாளில் நீதிமன்ற வராந்தாவில் எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்துவிட்டார்.

“அண்ணே, நான் சரியாத்தான் மாட்டினேன். டார்ச் பிடிச்சது நீங்கதான? நீங்களாவது சொல்லுங்கண்ணே.”

“கடவுள் பாத்துப்பாரு தம்பி. தைரியமா இருங்க” என்றேன். அவர் தோளைத் தொட்டேன். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர்கூட என்னைப் பார்த்துக் கண்கலங்கினார். அக்காவைப் பறிகொடுத்தவன் இப்படிப் பேசுகிறானே என்று நினைத்திருப்பார்.

படம் நன்றாகக் காய்ந்த பிறகு பல் மருத்துவர் வாங்கிக்கொண்டார். இப்போது அவருடைய மருத்துவமனையில் இருக்கிறது. போன வாரம் ஒரு கடைவாய்ப்பல்லுக்காகப் போனேன். நோயாளிகள் ஏரியைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கரையோரப் பனியை நானும் வெகுநேரம் பார்த்தேன். ஆளைத் தாங்காத பனி என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல நிறம், அவ்வளவுதான். எதையும் சுரண்டியிருக்க வேண்டியதில்லை.

எலக்ட்ரீஷியனுக்குச் சிறையில் இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. அவர் மனைவி ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாள். கொலைகாரன் வீடு என்று யாரோ கல் எறிந்ததில் அவர்கள் முன் ஜன்னலின் கண்ணாடி உடைந்துபோய், குளிரில் அட்டையை ஒட்டிவைத்துப் படுத்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கேட்ட நாளிலிருந்து எனக்கு மனது கேட்கவில்லை. அவள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, கடையை அடைத்துவிட்டுப் போனேன். அட்டையைப் பிரித்தேன். சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய சில்லுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கையோடு கொண்டுபோயிருந்த கண்ணாடியை அளந்து வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, மெத்தையில் வைப்பதுபோல் உட்காரவைத்தேன். கண்ணாடி அசையாதபடி ஓரமெல்லாம் மக்கு பூசி வழித்தேன். என் விரல் பட்ட இடத்தையெல்லாம் துடைத்தேன். தெருவில் யாரும் இல்லை. யார் போட்டது என்று அந்தப் பிள்ளைகளுக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை, தெரியவும் வேண்டாம்.

கண்ணாடி கச்சிதமாகப் பொருந்தியது. அந்த மனிதருக்கு நான் பட்டிருந்த கடன் அதோடு தீர்ந்தது.