மற்றவை அக்கா விலகவில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, உளவியல் பேராசிரியர் அவர்களே, பொருளியல் பேராசிரியர் அவர்களே, மடிக்கணினியை மூடாமலே துக்கம் அனுசரிக்கும் இளம் ஆய்வாளர் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் தையற்காரர், எங்கள் அக்காவின் கணவர் அவர்களே! நாற்காலி கிடைக்காமல் நிற்கும் பெரியோர்களே, தாய்மார்களே! எல்லோருக்கும் இந்தப் பதிவறை எழுத்தரின் வணக்கம்.

முதலில் நிற்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு முப்பது பேர் வருவார்கள் என்று எங்கள் நிறுவனம் கணித்தது. முப்பது நாற்காலி போட்டார்கள். மனிதர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று சொல்வதற்கென்றே கட்டிய நிறுவனம் இது. நீங்களோ வராந்தா தாண்டி, படிக்கட்டு தாண்டி, கேட் வரைக்கும் நிற்கிறீர்கள். அக்கா கதவைத் தட்டிய வீடுகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். உங்களைக் கேட்காமலே உங்களைத் தெரிந்துகொள்ளும் வித்தை எங்களுடையது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு ஏன் ‘மற்றவை அக்கா’ என்று பெயர்? எங்கள் கேள்விப் படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு பதில்கள் அச்சிட்டிருக்கும். மனிதன் அந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். தப்பித் தவறி இல்லாமல் போனால், கடைசியில் ‘மற்றவை’ என்று ஒரு கட்டம், பக்கத்தில் அரை விரல் நீளத்துக்குக் கோடு. வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் மற்ற ஊழியர்கள் அதை வெறுமையாக விட்டுவிடுவார்கள். அக்கா மட்டும் அங்கே எழுத ஆரம்பித்து, ஓரத்தில் ஏறி, தாளைத் திருப்பிப் பின்பக்கம் முழுவதும் எழுதுவார். சொன்னவர் சொன்னபடியே எழுதுவார்.

ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். மருத்துவமனையில் டோக்கன் கொடுத்துவிட்டால் நோயாளிகள் விடியற்காலையில் வந்து காத்திருக்க மாட்டார்கள் என்று நம் பொருளியல் பேராசிரியர் கணித்தார். டோக்கன் கொடுத்தார்கள். நோயாளிகளில் பலர் விடியற்காலையிலேயே வந்தார்கள். ஏன் என்று அக்காவை அனுப்பிக் கேட்கச் சொன்னார்கள். ஒரு பெரியவர் சொன்ன பதிலை அக்கா அப்படியே எழுதி வந்தார். “வீட்ல தனியாத்தானம்மா இருக்கேன். இங்க வந்தா நாலு பேர் என்ன ஏதுன்னு கேக்கறாங்க.”

ஐந்நூறு படிவங்களில் முந்நூறு படிவங்கள் இந்த மாதிரி. அவற்றை என்ன செய்தோம் தெரியுமா? ‘பிழையான பதில்’ என்று முத்திரை குத்தி ஒதுக்கினோம். நானே குத்தினேன், இந்தக் கையால். மிச்சமிருந்த இருநூறில் நூற்றெண்பது கணித்தபடி சரியாக வந்தது. தொண்ணூறு சதவீத வெற்றி என்று இதே மண்டபத்தில் விழா எடுத்தோம்! அந்தப் பெரியவர் எங்களுக்குப் பிழை. ஐயா, பிழையைச் சொல்லிப் பிழைப்பவர்கள் நாங்கள்!

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன். அவர் சேர்ந்த முதல் வாரம், ஊழியர்கள் மீதே ஒரு சோதனை வைத்தார்கள். நாற்பது கேள்விகள். அதில் மூன்றுக்கு அக்கா ‘தெரியாது’ என்று உண்மையை எழுதிவிட்டார். உடனே தீர்ப்பு வந்தது: ‘ஆறு மாதத்தில் விலகுவார்.’ விலகப் போகிறவருக்கு நிரந்தர வேலை எதற்கு? மேசை எதற்கு? நாற்காலிதான் எதற்கு? ஆறு மாதத்துக்கு ஒரு தற்காலிக ஆணை கொடுத்தார்கள். அவர் என் பதிவறைக்கு வந்து படிவக் கட்டுகளின் மேல் உட்கார்ந்தார்.

ஆறு மாதம் ஆனது. அக்கா விலகவில்லை. கணிப்பைத் திருத்தினார்களா? புதிய ஆணை கொடுத்தார்கள். அதனுடன் அதே கணிப்பையும் புதுப்பித்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள்! நாற்பத்து நான்கு முறை அந்தக் கணிப்பு மண்ணைக் கவ்வியது. இதற்குள் ‘நிலைத்திருப்பார்’ என்று கணிக்கப்பட்ட ஐந்து இயக்குநர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மழையானாலும் வெயிலானாலும் அக்கா கட்டுகளின் மேல் உட்கார்ந்து கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

போன செவ்வாய்க்கிழமை, ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடிப் படிக்கட்டில், கையில் படிவங்களோடு அக்கா சரிந்து விழுந்தார். நாற்பத்தைந்தாவது ஆணையில் இன்னும் இரண்டு மாதம் பாக்கியிருந்தது.

மறுநாள் அவருடைய கோப்பு இயக்குநர் மேசைக்குப் போனது. கோப்பின் கடைசித் தாளில் இரண்டே கட்டங்கள். ‘கணித்தபடி விலகினார்’ என்பது ஒன்று. ‘கணிப்பு தவறு’ என்பது இன்னொன்று. இயக்குநர் முதல் கட்டத்தில் டிக் போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “பாத்தீங்களா, கடைசியில கரெக்டாத்தான் வந்திருக்கு.”

இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை என் முப்பது வருட வேலையில் நான் கேட்டதில்லை. அவரை மேடையில் வைத்துக்கொண்டே சொல்கிறேன், எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்காவின் குடையையும் செருப்பையும் வாங்கிப் போக வந்த தையற்காரர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. என்னிடம் மெதுவாகக் கேட்டார். “அவ எங்க சார் விலகினா? வேலைக்குத்தானே போயிட்டிருந்தா. இத மட்டும் மாத்திக் குடுத்துடுங்க.”

அவர் கேட்டது அது ஒன்றுதான். இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். படிவத்தில் வேறு கட்டம் இல்லை என்றார்.

வேறு கட்டம் இல்லையா? இருபத்திரண்டு வருடம் ஒரு பெண் எதை நிரப்பினாள்?

நண்பர்களே, அந்தத் தாளை எடுத்து வந்திருக்கிறேன். அடியில் ஸ்கேல் வைத்து மூன்றாவது கட்டம் ஒன்று போட்டிருக்கிறேன். ‘மற்றவை’ என்று பெயர் எழுதியிருக்கிறேன். பக்கத்தில், ‘விலகவில்லை. வேலையில் இருந்தபோது இறந்தார்’ என்று எழுதியிருக்கிறேன். முத்திரை குத்திய அதே கைதான். இனி இந்தக் கை எந்தப் பதிலையும் பிழை என்று ஒதுக்காது. அக்கா எழுதிய பின்பக்கங்கள் ஒவ்வொன்றையும் கணக்கில் சேர்க்கும். இதை உங்கள் முன் உறுதியாகச் சொல்கிறேன்.

இனி இயக்குநரின் கையெழுத்து மட்டும் வேண்டும். தாள் அவர் முன்னால் இருக்கிறது. பேனாவின் மூடியைத் திறந்தே வைத்திருக்கிறேன். அவர் கையெழுத்துப் போடும்வரை எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்போம்.

இத்தனை வருடம் இங்கே இருந்ததில் எனக்கும் கொஞ்சம் கணிக்க வரும். அவர் போடமாட்டார் என்று கணிக்கிறேன்.

ஐயா, என் கணிப்பைப் பொய்யாக்குங்கள்.