ஆறாவது துணி

இந்தக் காகிதத்தின் ஓரத்தில் என் விரல் அழுக்கு பட்டுவிட்டது, ஐயா, மன்னியுங்கள். ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன்னால் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். முப்பது வருடம் கிரீஸில் ஊறிய கை, என்ன செய்தாலும் முழுசாகப் போகாது. மற்றபடி நான் சுத்தமாக வேலை செய்கிறவன். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

இறந்துபோனவர் என் அக்கா வீட்டுக்காரர். மாமா என்று கூப்பிடுவேன். அவருடைய பிக்கப் அவர் அப்பா காலத்து வண்டி. மூக்கு நீண்டு, விளக்கு இரண்டும் உருண்டையாக, பின்னால் மரப்பலகை அடித்திருக்கும். நர்சரிச் செடிகளை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போவார். "என்னைக் குறை சொன்னா கூடச் சேர்ந்து சிரிப்பாரு. வண்டியைச் சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு" என்பாள் அக்கா.

போன மழைக்கு முன்னால், டேங்க் ஒழுகுகிறது என்று கொண்டுவந்தார். கழற்றிப் பார்த்தேன், உள்ளே ஒரே துரு. துரு உதிரட்டும் என்று சின்னக் கல்லாகப் பொறுக்கிப் போட்டு உருட்டி, கழுவி, ஓட்டையை அடைத்து நிழலில் காயவைத்தேன். தூசி போய்விடக் கூடாதென்று டேங்கின் வாயில் ஒரு துணியைச் சுருட்டி அடைத்தேன். துணி அக்கா கொடுத்தது. அவள் வீட்டு ஜன்னல் திரை, நீலத்தில் மஞ்சள் பூ. ஆறு துண்டாகக் கிழித்து ஆணியில் மாட்டியிருந்தேன். கை துடைக்கிற துணியைக்கூட நான் எண்ணித்தான் வைப்பேன்.

டேங்கை மாட்டிக் கொடுத்த ஒரு வாரத்தில் மாமா திரும்பி வந்தார்.

"மாப்ளே, கால் மணி நேரம் நல்லா போகுது. அப்புறம் விக்குது, நின்னுடுது. கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தா தானா எடுக்குது. அடம் பிடிக்கிற புள்ள மாதிரி இருக்கு."

பெட்ரோல் என்ஜினுக்கு வந்து சேராத கோளாறு. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஃபில்டர் சுத்தம். பம்ப் நன்றாகத் தள்ளியது. கார்புரேட்டரைப் பிரித்து ஊதினேன். டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் வண்டி இப்படித்தான் நிற்கும். அதுவும் திறந்தே இருந்தது. பட்டறையில் ஓடவிட்டால் அரை மணி நேரம் ஜம்மென்று ஓடியது. சாலையில் வேகமெடுத்தால்தான் தகராறு. சரி, கையைத் துடைப்போம் என்று ஆணியைப் பார்த்தேன். ஐந்து துணிதான் இருந்தது.

பார்த்த உடனே புரிந்துவிட்டது. பெட்ரோல் ஊற்றுகிற மேல் குழாயை டேங்கின் வாயில் மாட்டும்போது துணி உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது. வேகமாகப் போனால் பம்ப் இழுக்கிற இழுப்பில் அது டேங்குக்குள் இருக்கும் குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டி நின்றதும் இழுப்பு போய், துணி விலகிவிடும். மறுபடி எடுக்கும்.

டேங்கை இறக்கித் துணியை எடுப்பது ஒரு மணி நேர வேலை. ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். இதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு கூசுகிறது.

எங்கள் தெருக் கோடியில் இன்னொரு மெக்கானிக் இருந்தான். என்னோடு சேர்ந்து தொழில் பழகியவன். ஒரு தடவை ஒரு காரின் என்ஜினுக்குள் நட்டு ஒன்றை விட்டு மூடிவிட்டான். அந்தக் கார் என்னிடம் வந்தது. நட்டை எடுத்து நூலில் கட்டி என் பட்டறை வாசலில் தொங்கவிட்டேன். அவனுக்கு நட்டு என்று பெயர் வைத்ததும் நான்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூட அப்படியே கூப்பிட்டார்கள். இரண்டு வருடம் தாக்குப் பிடித்தான். பிறகு கடையை மூடிவிட்டு ஒரு கம்பெனியில் லாரி கழுவப் போய்விட்டான். பதினோரு வருடமாக அந்த நட்டு என் வாசலில் ஆடிக்கொண்டிருக்கிறது.

மாமாவோ வண்டியை விட்டுவிட்டுப் போகிறவர் இல்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்ததைத் தெருமுனைக் கடையில் போய்ச் சொன்னால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கெட்ட எண்ணம் கிடையாது, என்னைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுவார். அவர் கண்ணெதிரே டேங்குக்குள்ளிருந்து மஞ்சள் பூத் திரையை உருவ எனக்குக் கை வரவில்லை. இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "செடி வாடிப் போயிடும் மாப்ளே" என்றார்.

அதனால் இப்படிச் சொன்னேன்.

"வண்டியில ஒண்ணுமில்ல மாமா. உங்க காலுதான் கோளாறு. ஆக்ஸிலேட்டரைப் போட்டு மிதிக்கிறீங்க, பெட்ரோல் அதிகமாப் போயி அடைச்சுக்குது. நின்னா பதறாதீங்க, இறங்காதீங்க, எதையும் தொடாதீங்க. கண்ணை மூடி நூறு எண்ணுங்க. அப்புறம் சாவியைத் திருப்புங்க."

நூறு எண்ணுவதற்குள் துணி விலகிவிடும் என்பது என் கணக்கு. அப்படியே நடந்தது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நீ டாக்டருக்குப் படிச்சிருக்கணும் மாப்ளே" என்றார். அக்காவிடமும் அவர் காலைப் பற்றிச் சொல்லி வைத்தேன். அவள் அதை வைத்தே அவரைக் கேலி செய்துகொண்டிருந்தாள். மெதுவாக மிதிப்பதற்காக வலது கால் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓட்ட ஆரம்பித்தார் மாமா. அதைப் பார்த்த அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் எதுவும் சொல்லவில்லை. நான்கு மாதம் இப்படியே போனது.

மீதி உங்களுக்குத் தெரிந்ததுதான். கேட் இல்லாத ரயில் பாதை, வளைவு வேறு. நல்ல மழை, கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருக்கிறார். வண்டி தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. எதிர்ப்பக்கம் சைக்கிளோடு நின்ற தபால்காரர் கத்தியிருக்கிறார். அவர் உங்களிடம் சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன். "கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தாரு சார். உதடு மட்டும் அசைஞ்சுது. சாமி கும்பிடுறாருன்னு நெனச்சேன்" என்றார். எதுவரை எண்ணியிருப்பார் என்று நான் யோசிக்காத நாள் கிடையாது.

வண்டியைப் பார்த்துச் சொல்ல உங்கள் ஆட்கள் என்னைத்தான் கூப்பிட்டார்கள். இந்த ஊரில் வேறு யாரைக் கூப்பிடுவார்கள். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது, டேங்க் நசுங்கியதோடு தப்பித்திருந்தது. என்னைத் தனியாக விடச் சொன்னேன். கம்பியை வளைத்து விட்டுத் துணியை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா அதைச் சொல்லித்தான் அழுதாள். "தம்பி தலைபாடா அடிச்சுக்கிட்டான். அந்த மனுஷன் கேட்டாத்தானே." நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். துணியைத் துவைத்து ஆணியில் மாட்டினேன். எண்ணிக்கை சரியாக இல்லாவிட்டால் எனக்கு வேலை ஓடாது.

நேற்று நட்டு பட்டறைக்கு வந்தான். பதினோரு வருடத்தில் முதல் தடவை. அக்காவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னான். வண்டி நின்று நின்று எடுத்த கதையை அவள் சொல்லியிருக்கிறாள். ஸ்டூலில் உட்கார்ந்து ஆணியையே பார்த்தான். ஐந்து துணி கிரீஸில் கறுத்திருந்தது. ஒன்று மட்டும் பெட்ரோலில் ஊறிச் சாயம் போய் வெளுத்திருந்தது.

"டேங்குக்குள்ள கெடந்துதா?" என்றான்.

எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான்.

"விடுடா. மறதி யாருக்கும் வர்றதுதான். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்ல மாட்டான், அவன் குணம் எனக்குத் தெரியும். போகும்போது வாசலில் தொங்குகிற நட்டை நிமிர்ந்து பார்த்தான், அவ்வளவுதான். இனிமேல் என்னை எங்கே பார்த்தாலும் அவன் பாவப்படுவான். அதை நினைத்து நினைத்துத்தான் விடிந்ததும் இங்கே வந்துவிட்டேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள், ஐயா. எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்ற வேண்டும். மறதியாக விட்டுவிட்ட துணி என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு, வேண்டுமென்றே போட்டேன் என்று எழுதுங்கள். காரணம் கேட்டால் குடும்பத் தகராறு என்று ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். தண்டனை கூடும் என்று தெரியும். கூடட்டும். அக்காவுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் அவள் எதையும் தாங்குகிறவள். முப்பது வருடத்தில் நான் எந்த வண்டிக்குள்ளும் எதையும் மறந்து வைத்தது கிடையாது.