உயிர் ஜன்னல்

– அந்தக் கப்பை வை, இர்வின். உன்னோட காபி கீழே அடுப்படியில இருக்கு.

– தினமும் இந்த அறையில ஒரு கப் காபி ஆறிக் கிடக்குது அண்ணி. இன்னைக்காவது வீணாகாம இருக்கட்டுமேன்னு எடுத்தேன்.

– வீணாப் போனா என் காபிதானே போகுது. வை.

– வெச்சுட்டேன். சரி, இந்தச் சுவரை எப்பத் தொட விடுவீங்க? மத்த மூணு பக்கமும் அண்ணன் பூசின சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு வெச்சாச்சு. இது மட்டும் பாதி சவரம் பண்ணின மூஞ்சி மாதிரி நிக்குது.

– வசந்தத்துல பார்த்துக்கலாம்.

– போன வசந்தத்துலயும் இதைத்தான் சொன்னீங்க. உறைபனி விழுந்துட்டா சுண்ணாம்பு இறுகாது, மாவாக் கொட்டும். சொன்னாக் கேளுங்க.

– உங்க அண்ணனும் சொன்னாக் கேளுன்னுதான் சிமெண்டைப் பூசினார். இனி பேரன் காலம் வரைக்கும் கவலை இல்லைன்னார். அன்னையிலேருந்து வீடே வேர்த்துக்கிட்டுக் கிடக்குது.

– ஈரம் வெளியேற வழியில்லாம கல்லுக்கு மூச்சு முட்டிப்போச்சு, வேற என்ன. நம்ம பெர்க்ஸ் கவுண்டியில கல் வீடு வெச்சிருக்கற எல்லாரும் அதைத்தான் பண்ணாங்க. அண்ணன் மட்டும் தப்பிப்பாரா?

– கட்டிலுக்கு மேலே பார். அவர் இருந்தவரைக்கும் இந்தக் கறை கிடையாது.

– அதுக்காகத்தான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறேன். அந்தச் சின்ன ஜன்னலை அடைச்ச இடத்துல மழை இறங்குது.

– எப்படி இறங்கும்? வெளியே கல்லும் சிமெண்டும் வெச்சு, உள்ளே பலகை அடிச்சார். கழுத்துல குளிர்காத்து விழுதாம். அது உயிர் ஜன்னல்டா கிளேட்டன், உன் பாட்டன் முப்பாட்டன் போன வழின்னு உங்க அம்மா அழுதாங்க. காதுலயே போட்டுக்கல.

– அப்போ திறந்துடலாமே. வீடு கட்டினவங்க வெச்ச மாதிரியே இருக்கணும்னு சொன்னது நீங்கதான். பழைய ஆணியைக்கூட நிமிர்த்தி அடிக்க வெச்சீங்க. வாசல் நிலைக்கு மேலே பேர் வெட்டின கல்லை, பல் தேய்க்கற பிரஷால தேய்க்க வெச்சீங்க. ஊரே சிரிச்சுது. இந்த ஜன்னல் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

– குளிர்காத்து வரும்.

– கண்ணாடி போடறேன்.

– குருவி வந்து மோதும்.

– மரக்கதவு போடறேன், முன்னே இருந்த மாதிரியே.

– அந்த வழக்கத்துல உனக்கு நம்பிக்கை இருக்கா இர்வின்?

– சாவு விழுந்ததும் திறக்கணும், உயிர் போனதும் திரும்பி வராம மூடணும். அதானே? பூனைக்கே வாசக்கதவு தெரியுது, உயிருக்குத் தெரியாதா? எனக்கு நம்பிக்கை இல்ல.

– எனக்கும் இருந்ததில்ல. அவர் போற வரைக்கும்.

– அண்ணி...

– இந்தக் கட்டில்லதான் போனார். வெளியே பனிப்புயல், ஜன்னல் எல்லாம் உறைஞ்சு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அந்த ஒரு வழியையும் தன் கையாலயே அடைச்சிருந்தார். அடக்கம் முடிஞ்ச மறுநாள், பழக்கத்துல அவருக்குக் காபி கொண்டுவந்து வெச்சேன். வெச்ச அப்புறம்தான் ஆள் இல்லேன்னு உறைச்சுது. ஆனா தனியா நிக்கற மாதிரி இல்ல. இப்போ புரியுதா? நீ திறந்தா அவர் போயிடுவார்.

– அதனாலதான் வசந்தம் வசந்தம்னு தள்ளிக்கிட்டே வர்றீங்களா?

– சுவர் நனைஞ்சா நனையட்டும்.

– நனையறதோட நிக்காது. உங்க தலைமாட்டுலயே கல் விழும். உள்ளே மண்ணு கரைஞ்சுக்கிட்டிருக்கு.

– மண்ணா? அவர் சிமெண்ட்ல அடைச்சார்னு சொல்றேன்.

– அந்தச் சிமெண்ட் இப்போ இல்ல.

– இல்லேன்னா?

– அவர் போன அன்னைக்கு, பக்கத்துப் பண்ணைக்காரங்க உங்களைக் கீழே உட்கார வெச்சிருந்தாங்களே. மேலே சுத்தியல் சத்தம் கேட்டுதா?

– கட்டில் சட்டம் ஆடுது, அடிச்சுச் சரி பண்றேன்னு சொன்னே.

– கட்டில் ஆடல. பலகையை நெம்பி, கல்லைக் குத்தி வெளியே தள்ளினேன்.

– நம்பிக்கை இல்லேன்னே.

– எனக்கு இல்ல. அம்மாவுக்கு இருந்துச்சு. அண்ணனும் கடைசியில அந்தப் பலகையையேதான் பார்த்துக்கிட்டிருந்தார். மனசு கேக்கல. காத்து உள்ளே அடிக்கும்னு ஒதுங்கி நின்னேன். அடிக்கல அண்ணி. அறையில இருந்த சூடுதான் மெதுவா வெளியே போச்சு. அப்புறம் நிலவறை மண்ணைக் குழைச்சு, கல்லைத் திரும்ப வெச்சு, பலகையை அடிச்சுட்டேன். குளிர்ல குழைச்ச மண்ணு. எத்தனை நாள் நிக்கும்?

– இத்தனை நாளா வாயைத் திறக்கல நீ.

– கேட்டா சிரிப்பீங்கன்னு நினைச்சேன்.

– இர்வின்.

– சொல்லுங்க அண்ணி.

– அந்தக் காபியை எடுத்துக் குடி. இன்னும் சூடாத்தான் இருக்கும்.