ஜோசப்பின் அம்மாவின் துப்பல்

தேநீருக்கு நன்றி, ஐயா. சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. எங்கள் கம்பனி தேடும் மருந்தே சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்குத்தான்.

என் பெயர் சுஜிதன். அக்கராயன் கிராமத்து வயல்காரர் ஒருவரின் மகன். வவுனியாவில் புள்ளிவிபரம் படித்தேன். வாத்தியார் வேலை கிடைக்குமென்று அப்பா காத்திருக்க, நான் வீட்டிலிருந்தே மரபணுத் தரவுகளைச் சலித்துச் சலித்து, வெளிநாட்டு மருந்துக் கம்பனியொன்றில் தரவு விஞ்ஞானி ஆனேன். ஊரோ என்னைக் கொம்பியூட்டர் திருத்துகிறவன் என்றே நினைத்தது. முற்றத்து மல்லிகை மணக்காது என்பார்கள், நான் கோபித்துக்கொள்ளவில்லை.

மேலே போக எனக்கென்று ஒரு கண்டுபிடிப்பு வேண்டியிருந்தது. முல்லைத்தீவுக் கரையில் மச்சானும் மச்சாளுமாக ஊருக்குள்ளேயே கட்டிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அங்கே அபூர்வமான மரபணு ஒன்று இருந்தால் பிடிப்பது சுலபம். அங்கே ஜோசப்பின் என்ற பெயருடைய அம்மா ஒருவரின் பரம்பரையில் ஒருவருக்கும் சீனி வருத்தம் வந்ததில்லை என்று கேள்விப்பட்டு, துப்பல் எடுக்கும் குழாய்களோடு போனேன். மருந்து ஆராய்ச்சி என்று உண்மையைத்தான் சொன்னேன். ஒருவரும் கிட்ட வரவில்லை.

கடைசியில், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல, ஜோசப்பின் அம்மாவே வந்து குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய மகன் மெல்ரொன் யுத்தத்தின் இறுதி நாட்களில் காணாமல் போனவன்.

“தம்பி, இது காணாமல் போன பிள்ளையளைத் தேடுற சோதனையோ?”

எங்கள் மண்ணில் துப்பல் கேட்டால் தாய்மாருக்கு வேறென்ன தோன்றும்? நான் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் அவர் நற்கருணை வாங்கப் போவதுபோல ஒன்றும் சாப்பிடாமல் வந்தார். பின்னால் ஊரே வெறும் வயிற்றோடு வந்தது. மாதிரிகள் வெகு சுத்தமாக இருந்தன. எனக்கு மனம் இளகிவிட்டது.

தேடியது அவர் துப்பலிலேயே கிடைத்தது. மரபணுவைச் சொல்கிறேன். கம்பனி என்னைக் குழுத் தலைவனாக்கி, அவரிடம் தொடர்ந்து இரத்தம் எடுக்கச் சொன்னது. ஒருமுறை தந்தார். பிறகு, இனி ஏன் தம்பி என்று களைத்துப்போய்ச் சொன்னார். அதனால்தான், உங்கள் மரபணு வெளிநாட்டில் ஒருவனோடு பொருந்துகிறது, அது மெல்ரொன்தான், ஆள் உயிரோடு இருக்கிறான், உறுதிப்படுத்த இன்னும் இரத்தம் வேண்டும் என்றேன். என் கையைப் பிடித்து முத்தமிட்டார். நானும் அழுதேன், ஐயா.

அதற்குப் பிறகு அந்தக் கரையில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. அடையாளம் காண, உண்மையான மரபணுச் சோதனைக்குக் காணாமல் போனவர்களின் உறவினர்களைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

“என்ர பிள்ளை உயிரோட இருக்கிறான். நான் ஏன் செத்தவையின்ர வரிசையில நிக்கவேணும்?”

எலும்புகளோடு எடுத்த செபமாலையின் படத்தை அவரது மகள் றஞ்சனி என்னிடம் கொண்டுவந்தாள். அண்ணனுடையதுதான், அம்மாவைப் போகச் சொல்லுங்கோ என்று கெஞ்சினாள். செபமாலைகள் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும் என்றேன். புள்ளிவிபரப்படி அது சரி. உங்களிடம் முறையிட்டவளும் அவள்தான் என்று தெரியும்; அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். வாக்குமூலத்தைத் தாருங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஒரேயொரு வேண்டுகோள். ஜோசப்பின் அம்மாவுக்கு இதைச் சொல்லவேண்டாம். என்னைக் காப்பாற்றக் கேட்கவில்லை, அவருக்காகவே கேட்கிறேன். பாவம், தாங்கமாட்டார். அடுத்த மாதமும் அவரிடம் இரத்தம் எடுக்க வேண்டியிருக்கிறது.