நான் இருக்கேன், சிஸ்டர்

சாயங்காலம் ஆறே முக்கால். சிலிம் ரிவர் தாண்டி உள்ளே போகிற செம்மண் ரோடு. முன்பு ரப்பர் தோட்டம், இப்போது இரண்டு பக்கமும் செம்பனை. ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. மழை வேறு...

சுரேன், கதவையே பார்க்காதே, யாரும் வரமாட்டார்கள். கேள். இது நம் மத்தியாஸ் அண்ணனின் மைத்துனி ஜோசலினுக்கு நடந்தது. அண்ணனுக்குப் பொய் சொல்லவே வராது, உனக்கே தெரியும்.

ஜோசலின் ஈப்போவில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அங்கே ஒரு வழக்கம். சாகப் போகிறவரைத் தனியாக விடமாட்டார்கள். ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அடுத்தவர் வந்து "நான் இருக்கேன், நீங்க போங்க" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அவர் எழுந்திருக்கலாம். சொன்னவர், நோயாளியின் மூச்சு நிற்கும்வரை கையை விடக்கூடாது. நூறு வருஷத்துக்கு முன்னால், நாலு சிஸ்டர்கள் அந்தச் செம்மண் ரோட்டுத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் இரண்டு கட்டில் போட்டு ஆரம்பித்தார்களே, அன்றிலிருந்து அப்படித்தான். ஈப்போ ஆஸ்பத்திரி எல்லாம் பிறகு வந்தது.

அந்த வாரம் ஈப்போவில் நோயாளியாகப் படுத்திருந்தது ஜோசலினின் அம்மா ஆலிஸ். அதே தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரம் வெட்டியவர். பதினாறு வயதில் ரப்பர் மிசினில் மாட்டி, வலது ஆள்காட்டி விரலில் பாதி போய்விட்டது. கட்டுப் போட்டது அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில்தான். மகளிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கடைசியில நீதான் என் கையைப் பிடிச்சிருக்கணும்." ஜோசலின் வாக்குக் கொடுத்திருந்தாள்.

நூறாவது ஆண்டு மலருக்குத் தோட்டத்துப் பழைய கட்டடத்தின் படம் தேவைப்பட்டது. அந்த வார்டைப் படத்திலாவது பார்க்க அம்மாவுக்கும் ஆசை. இன்னும் நாலைந்து நாள் தாங்குவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நான் நல்லாத்தான் இருக்கேன்லா, போயிட்டு வா" என்று அம்மாவே அனுப்பிவைத்தார். தம்பி கிளென் பக்கத்தில் இருந்தான்.

அந்த ரோட்டின் கோடியில் பழைய ஆஸ்பத்திரி, கூரை பாதி இல்லை. ஜோசலின் வார்டுக்குள் டார்ச் அடித்தாள். வௌவால் நாற்றம், ஈரச் சுவர் நாற்றம்... அதற்கு மேல் டெட்டால். நாற்பது வருஷமாக மூடிக் கிடக்கிற இடத்தில், இப்போதுதான் ஊற்றித் துடைத்த டெட்டால். கோடியில் ஒரு இரும்புக் கட்டில், பக்கத்தில் முக்காலி. அதில் வெள்ளை அங்கியோடு ஒரு சிஸ்டர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கட்டிலில் யாருமே இல்லை.

நீயும் நானும் என்றால் ஓடியிருப்போம். இவள் என்ன செய்தாள் தெரியுமா? இருபத்திரண்டு வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

"நான் இருக்கேன், சிஸ்டர். நீங்க போங்க."

சிஸ்டர் எழுந்தார். மெதுவாக... திரும்பிப் பார்க்காமல் மழைக்குள் இறங்கிப் போனார். சளக்... சளக்... என்று செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

டார்ச் அணைந்தது. கட்டில் கிறீச்சிட்டது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஐஸ் மாதிரி. இழுக்கவில்லை, முறுக்கவில்லை... பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். பக்கத்தில் யாரோ கஷ்டப்பட்டு மூச்சு விட்டார்கள். ஜோசலினுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பையில் போன் அடித்தது. விட்டுவிட்டு மறுபடி அடித்தது. கிளெனாகத்தான் இருக்கும், அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, நான் அங்கே இருக்கவேண்டும்... அந்த நினைப்பு வந்ததும் பலம் கொண்ட மட்டும் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பின்னால் அந்த மூச்சு ஒருமுறை நீளமாக இழுத்தது. பிறகு கேட்கவில்லை.

காரில் மணி ஏழு இருபது. அவள் ஈப்போ போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கிளென் வார்டு வாசலில் அழுதுகொண்டு நின்றான்.

"ஏழே காலுக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்குச்சுக்கா. ஒனக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தேன், எடுக்கல. நானாவது பிடிச்சிக்கலாம்னு கையைத் தொட்டேன்... குடுக்கல. காத்துல எதையோ இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. மொகமெல்லாம் சிரிப்பு. 'ஜோசலின் வந்துட்டா'ன்னு சொன்னாங்க. அப்புறம்... யாரோ வெடுக்குன்னு பிடுங்கின மாதிரி கை கீழ விழுந்துச்சு. அதோட போயிட்டாங்கக்கா."

ஜோசலின் சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தாள். மணிக்கட்டில் விரல் தடம் சிவந்து கிடந்தது. கட்டை விரல் ஒன்று. முழு விரல் மூன்று. ஆள்காட்டி விரல் பதிந்த இடத்தில் பாதிதான் இருந்தது.